அப்பா வீட்டு கீசருக்கு என் போனில் ஒரு ஸ்விட்ச்!

“கீசரை ஆஃப் பண்ணிட்டீங்களாப்பா?”

மார்கழி வந்துவிட்டால் காலை ஏழரை மணிக்குச் சென்னையிலிருந்து பொள்ளாச்சிக்குப் போன் போட்டு நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான். “அதெல்லாம் பண்ணியாச்சு” என்பார் அப்பா. பின்னாலிருந்து அம்மாவின் குரல் வரும். “எங்க பண்ணுனாரு? செகப்பு லைட்டு எரிஞ்சுட்டுத்தான் கெடக்குது கண்ணு!”

அப்பாவுக்கு 76 வயது. கீசருக்குப் பதினொன்று. 15 லிட்டர், 2,000 வாட்ஸ். ஒருநாள் இருவரும் அதை ஆஃப் செய்யாமலேயே உடுமலையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு, சாயங்காலம்தான் வீடு திரும்பினார்கள். உள்ளே இருக்கும் தெர்மோஸ்டாட் ஒழுங்காக வேலை செய்ததால் ஒன்றும் ஆகவில்லை. ஆனால், அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

புது கீசர் வாங்கித் தருகிறேன் என்றால், “நல்லா ஓடுறதை எதுக்கு மாத்தோணும்?” என்கிறார் அப்பா. அப்போதுதான் ‘ஸ்மார்ட் பிளக்’ கண்ணில் பட்டது. சுவரில் இருக்கும் சாக்கெட்டில் இதை மாட்டி, இதில் கீசரின் பிளக்கைச் செருக வேண்டும். வீட்டு வைஃபை-யோடு இணைத்துவிட்டால் எந்த ஊரிலிருந்தும் போன் மூலம் ஆன், ஆஃப் செய்யலாம். ஆன்லைனில் ஆர்டர் போட்டு, ஊருக்குப் போனபோது நானே மாட்டினேன். அங்கேதான் தப்பு ஆரம்பித்தது.

நான் வாங்கியது 10 ஆம்பியர் பிளக். கீசரின் தடித்த பின்கள் அதில் நுழையவில்லை. கடையில் ஒரு கன்வெர்ஷன் பிளக் வாங்கி, இடையில் சொருகிவிட்டேன். வேலை செய்தது. பெருமையாகச் சென்னைக்கு பஸ் ஏறினேன்.

மூன்றாவது வாரம் அம்மா போன் செய்தார். “பாத்ரூம்ல என்னமோ கருகுற வாடை அடிக்குது கண்ணு.” மெயினை ஆஃப் செய்யச் சொல்லிவிட்டு, எங்கள் வழக்கமான எலெக்ட்ரீஷியன் தம்பியை அனுப்பினேன். கன்வெர்ஷன் பிளக் உருகி, ஸ்மார்ட் பிளக்கோடு ஒட்டிக்கொண்டிருந்ததை போட்டோ எடுத்து அனுப்பினார். கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: “ஏனுங்க்கா, இது சின்னச் சாமானுக்கு உண்டானதுங்க. கீசருக்குப் போய் மாட்டலாமுங்களா?”

கணக்கு சுலபம்தான், நான்தான் போடவில்லை. கீசர் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எத்தனை வாட்ஸ் என்று பாருங்கள். அதை 230-ஆல் வகுத்தால், எத்தனை ஆம்பியர் இழுக்கும் என்று தெரிந்துவிடும். 2,000 வாட்ஸ் என்றால் கிட்டத்தட்ட 9 ஆம்பியர். 3,000 வாட்ஸ் இன்ஸ்டன்ட் கீசர் 13 ஆம்பியர் வரை இழுக்கும். 10 ஆம்பியர் பிளக் 9 ஆம்பியரைத் தாங்காதா என்று கேட்கலாம். நடுவில் நான் சொருகிய கன்வெர்ஷன் பிளக்கின் சின்னப் பின்கள் 6 ஆம்பியருக்கானவை. பழைய சாக்கெட்டில் பிடிமானமும் தளர்ந்திருந்தது. தளர்ந்த இடத்தில்தான் சூடு ஏறும். கீசருக்கு 16 ஆம்பியர் என்று போட்டிருப்பதைத் தவிர வேறு எதையும் வாங்காதீர்கள்.

இன்னொரு விஷயம் எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அந்த மூன்று வாரத்தில் ஒருநாள், போனில் நான் ஆஃப் செய்ததை மறுபடி ஆன் செய்யாமல் விட்டிருக்கிறேன். மறுநாள் காலையில் அப்பா சுவர் ஸ்விட்சைப் போட்டிருக்கிறார். லைட் எரியவில்லை. கீசர் ரிப்பேர் என்று நினைத்து, அடுப்பில் தண்ணீர் காயவைத்து, கொதிக்கக் கொதிக்கக் குண்டாவோடு பாத்ரூமுக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். 76 வயதில், ஈரத்தரையில்! பாதுகாப்புக்கென்று நான் செய்த காரியம் இது.

இரண்டாவது தடவை எலெக்ட்ரீஷியன் தம்பி சொன்னபடி நடந்தேன். பிளக்கே வேண்டாம் என்றார். எங்கள் வீட்டில் கீசர் சாக்கெட் பாத்ரூமுக்குள் உச்சியில் இருக்கிறது. அங்கே ஆவி படும், அப்பாவுக்கு எட்டவும் எட்டாது. அதனால் வெளியே இருக்கும் போர்டில் 16 ஆம்பியர் வைஃபை ஸ்விட்சைப் பொருத்தினார். இதைக் கையால் அழுத்தியும் போடலாம், போனிலும் போடலாம். எது கடைசியோ அதுதான் செல்லும். பழைய போர்டில் நியூட்ரல் ஒயர் இல்லை. இந்த ஸ்விட்சுக்கு அது வேண்டும் என்பதால் தனியாக இழுத்தார். எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி-யும் போட்டார். மின்கசிவு இருந்தால் சட்டென்று கரன்டைத் துண்டிப்பது அதுதான். வைஃபை ஸ்விட்ச் அந்த வேலையைச் செய்யாது.

ஆப்பில் இரண்டு செட்டிங்ஸை மறக்காமல் மாற்றினேன். ஒன்று, ஆன் செய்த 30 நிமிடத்தில் தானாக ஆஃப் ஆகிவிடும். 25 டிகிரியில் இருக்கும் 15 லிட்டர் தண்ணீர் 60 டிகிரிக்குச் சூடாக, 2,000 வாட்ஸ் கீசருக்கு 20 நிமிடம் போதும். அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே செலவாகும், அவ்வளவுதான். இரண்டாவது, கரன்ட் போய் வந்தால் ஸ்விட்ச் ஆஃபில்தான் இருக்க வேண்டும். ‘பழைய நிலை’ என்று வைத்திருந்தால், ஆன் செய்த கீசர் பாதியில் கரன்ட் போய், நீங்கள் ஊருக்குக் கிளம்பிய பிறகு மறுபடி உயிர் பெற்றுவிடும். நம் ஊர் மின்வெட்டுக்கு இது ரொம்ப முக்கியம். (ஸ்விட்ச் வைஃபை-யில் சேரவில்லையென்றால் ரவுட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தச் சாதனங்களில் பெரும்பாலானவை 5 கிகாஹெர்ட்ஸில் இணையாது. எனக்கு இதிலேயே ஒரு மணி நேரம் போனது.)

சரி, இனி காலை ஆறு மணிக்கு இங்கிருந்தே ஆன் செய்து, அப்பாவுக்குத் தண்ணீரைத் தயாராக வைத்துவிடலாமே? அப்படித்தான் ஒருநாள் செய்தேன். அன்றைக்கு அப்பா சீக்கிரமே எழுந்து, ஏற்கெனவே குளித்துக்கொண்டிருந்தார். கீசரை ஆஃப் செய்துவிட்டுக் குளியுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்த நானே, அவர் தலையில் தண்ணீர் ஊற்றும் நேரத்தில் 500 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து கரன்டைப் போட்டிருக்கிறேன். பழைய கீசரில் காயில் ஓட்டை விழுந்து, எர்த்தும் இல்லாமல் இருந்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

அன்றிலிருந்து ஆன் செய்வது அப்பா மட்டும்தான். ஆஃப் மட்டும் என் போனில். அதையும் ஏழரைக்குப் பிறகு, அவரிடம் கேட்டுவிட்டுத்தான் செய்கிறேன். பக்கெட்டில் போடும் ஹீட்டர் ராடை இந்த மாதிரி ஸ்விட்சில் மாட்டுவது பற்றி நினைத்தே பார்க்காதீர்கள். தண்ணீரில் யாராவது கையை வைத்திருக்கிறார்களா என்பது போனுக்குத் தெரியாது.

ஆப்பை நம்பி மற்றதை விட்டுவிடவும் முடியாது. உள்ளே இருக்கும் ரிலே ஒட்டிக்கொண்டால், போனில் ஆஃப் என்று காட்டும், கரன்ட் போய்க்கொண்டே இருக்கும். எத்தனை வாட்ஸ் ஓடுகிறது என்று காட்டும் மாடலாக வாங்கினால், அதில் பூஜ்யம் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். வெளியூர் போனால் பழையபடி எம்.சி.பி-யை இறக்கிவிட்டுத்தான் கிளம்புகிறார்கள்.

அப்பாவுக்கு முதலில் கோபம்தான். “எனக்குச் சுடுதண்ணி வேணும்னா உங்கிட்ட பர்மிஷன் வாங்கோணுமா?” என்று இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. ஆப்பை அவர் போனிலும் போட்டுக் கொடுத்தேன். இப்போது தோட்டத்தில் உட்கார்ந்துகொண்டு, “ஆஃப்ல இருக்குது பாரு” என்று அம்மாவிடம் காட்டுகிறாராம்.

அம்மாவுக்கு அடுத்த ஆசை வந்துவிட்டது. “போர் மோட்டாருக்கும் இதே மாதிரி ஒண்ணு போட்டுத் தர்றியா கண்ணு? டேங்க் நெறஞ்சு வழியறதே தெரியறதில்ல.” எலெக்ட்ரீஷியன் தம்பியிடம் கேட்டேன். மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது பல மடங்கு கரன்ட் இழுக்குமாம், இந்த ஸ்விட்ச் தாங்காதாம். ஸ்டார்ட்டரோடு சேர்த்துத்தான் செய்ய வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன் என்றிருக்கிறார். அதுவரைக்கும் எதையும் ஆர்டர் போட்டுவிட வேண்டாம் என்று எனக்குத் தனியாகச் சொல்லியிருக்கிறார்.