மண் புறப்படும் இடம்

ஏரி தூர்ந்துபோயிற்று என்று கேட்டவுடனே கரையை உயர்த்துவோமா, தூரை வாருவோமா என்றுதான் நமக்கு யோசனை ஓடுகிறது. ஆனால் ஏரியை மூடுகிற மண் ஏரியில் பிறந்ததன்று. அது புறப்பட்ட இடத்தைத் தேடிப் போகாமல் செய்கிற பிரயத்தனம் யாவும் வீணாகும் என்பதற்குச் சண்டிகர் நகரத்துச் சுக்னா ஏரியின் சரித்திரமே சாட்சி.

சிவாலிக் குன்றுகளிலிருந்து மழைக்காலத்தில் மட்டும் பெருகிவரும் ஓர் ஓடையை மண் அணையால் மறித்து, 1958-ஆம் ஆண்டில் அந்த ஏரியை அமைத்தார்கள். ஜனங்கள் அமைதியாக உலாவி இளைப்பாறும் ஸ்தலமாக அது விளங்க வேண்டுமென்பது நகரத்தை வகுத்த லெ கார்பூசியேயின் ஆசை. இருபது வருஷம் நிறைவதற்குள் ஏரியின் பெரும்பகுதியை மண் விழுங்கிவிட்டது. எவ்வளவு வாரிக் கொட்டினாலும், அடுத்த மழை புதிய மண்ணைக் கொண்டுவந்து சேர்த்தது.

மண் பாதுகாப்பு ஆராய்ச்சியாளரான பி.ஆர். மிஸ்ராவும் அவருடைய சகாக்களும் அந்த மண்ணின் மூலத்தைத் தேடி மேட்டை நோக்கிப் போனபோது, சுகோமாஜ்ரி என்ற சிற்றூரை அடுத்த மொட்டைக் குன்றுகளைக் கண்டார்கள். ஆடுமாடுகள் மேய்ந்து மேய்ந்து அங்கே புல் பூண்டு அற்றுப்போயிருந்தது. போர்வை இழந்த பூமியின்மேல் விழும் மழைத்துளி ஒவ்வொன்றும் மண்ணைச் சிதறடிக்கிறது. சிதறிய மண் நீரோடு கலந்து, கோடாகி, வாய்க்காலாகி, ஆள் மறையும் ஆழமுள்ள ஓடையாகிறது. நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது உருட்டிச் செல்லக்கூடிய கல்லின் எடை 64 மடங்காகிறது என்பது ஆற்றியலின் பழைய கணக்கு. ஆகவே, வேகத்தைத் தணிப்பதே வெள்ளத்துக்கும் வண்டலுக்கும் ஒருங்கே பொருந்தும் பரிகாரம்.

அந்தப் பரிகாரத்தை மலைமுகட்டில் தொடங்கிக் கீழ்நோக்கி வகுக்க வேண்டும். முதலில் எந்த மேட்டுக்கு இப்பால் விழும் மழை இந்த ஓடையில் வந்து சேர்கிறது என்று எல்லை குறித்து, சரிவையும் மண்ணின் குணத்தையும் பெருமழையில் ஓடிவரும் நீரின் அளவையும் கணக்கிட வேண்டும். பிறகு, சரிவுக்குக் குறுக்கே சமமட்டமாகக் குழி வெட்டிப் புல்லும் மரமும் வளர்த்து, ஓடைகளில் கல் தடுப்புகளைப் படிப்படியாக அடுக்க வேண்டும். கீழ்த் தடுப்பின் தலை மேல்தடுப்பின் அடியோடு ஒரே மட்டத்தில் இருக்குமாறு அமைத்தால், பாய்ந்து வந்த நீர் படியிறங்குவதுபோல் நிதானமாக இறங்கும்; ஒவ்வொரு படியிலும் வண்டல் தங்கி, அதில் புல் வேர்விடும். எல்லாவற்றுக்கும் கீழே சிறிய மண் அணை. அது உடையாமல் மிகுநீர் வழிந்தோடத் தக்க கலிங்கு.

இத்தனையும் வகுத்த பின்பும், குன்றில் ஆடு மேய்ந்தால் காரியம் கெட்டுவிடும். நகரத்து ஏரி பிழைப்பதற்காக நாங்கள் ஏன் மேய்ச்சலை விட வேண்டும் என்ற கேள்வி கிராமத்தாருக்கு இயல்பானதே. அதில் நியாயமும் இருந்தது. 1976-இல் சுகோமாஜ்ரியில் எழுந்த முதல் மண் அணைதான் அதற்கு விடை அளித்தது. மண்ணைத் தடுக்கக் கட்டிய அணையில் நின்ற நீர், மழையற்ற மாதங்களில் கோதுமைப் பயிரைக் காத்தது. அந்த நீரில் நிலமுள்ளவர், நிலமற்றவர் என்ற பேதமின்றிக் குடும்பத்துக்கு ஒரு பங்கு என்று கிராமத்தார் வகுத்துக்கொண்டார்கள். நிலமில்லாதவர் தம் பங்கைப் பிறருக்கு விட்டுப் பயன் பெறலாம். அணை தூர்ந்தால் தம் பங்கு குறையும் என்பதை உணர்ந்தபோது, வேலியும் காவலாளியும் இல்லாமலே குன்றைக் காக்க அவர்கள் முன்வந்தார்கள்.

ஆடுகள் குறைந்து, கொட்டிலில் கட்டித் தீனி போடும் எருமைகள் பெருகின. குன்றில் செழித்த புல்லை அரிவாளால் அரிந்து அவற்றுக்குப் போட்டார்கள். வேர் மண்ணிலேயே நின்றது. அந்தக் குன்றிலிருந்து இறங்கிய மண் வெகுவாகக் குறைந்தது. திட்டம் தீட்டுகிறவர்கள் மழையளவையும் சரிவையும் கணக்கிடுகிற அதே சிரத்தையோடு, மேட்டில் வாழும் குடும்பங்களுக்கு அந்த நீரில் என்ன பங்கு என்பதையும் முதலிலேயே எழுதிவிட வேண்டும்.