கொல்லிமலையில் ஒரு காதல் கதை: கபிலர் முதல் 'யூடி' வரை

[எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தப்பட்டது.]

இன்னைக்கு டாபிக், காதல் கதை எழுதுறவங்களோட வேலை. "ஓ, காதல் கதையா?"ன்னு ஒரு நக்கல் சிரிப்பு வருதுல்ல, அதைக் கொஞ்சம் ஓரமா வச்சிட்டு வாங்க.

தமிழில் அதிகம் விற்கும் எழுத்தாளர் யார் என்ற பேச்சு வந்தாலே முதலில் வருகிற பெயர்களில் ஒன்று ரமணிசந்திரன். 1938ல் பிறந்தவர். 170க்கும் மேற்பட்ட நாவல்கள். காதல், குடும்பம், நடுவில் ஒரு பெரிய மனக்கசப்பு, கடைசியில் சுபம். ஐம்பது வருஷம் விடாமல் எழுதினார் என்று வைத்தால்கூட வருஷத்துக்கு மூணு நாவலுக்கு மேல் வருது. இதை எப்படிச் செய்யுறாங்க? முடிவு என்னன்னு வாசகருக்கு முதல் பக்கத்திலேயே தெரியும். தெரிஞ்சும் 170வது புத்தகத்தை எடுக்கிறாங்கன்னா அதுக்குள்ள ஏதோ ஒரு தொழில்நுட்பம் இருக்கணும்ல?

அந்தத் தொழில்நுட்பத்தைப் பார்க்க நல்ல இடம் கொல்லிமலை. நாமக்கல் மாவட்டம், அடிவாரத்தில் காரவள்ளி, அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. நம்ம ஆட்களுக்கு இது பைக் ரைடு. ஆனால் காதல் எழுதியவர்களுக்கு இது ரொம்பப் பழைய லொக்கேஷன். சங்கப் பாட்டுகளில் கொல்லியும், அந்த மலையில் இருந்ததாகச் சொல்லப்பட்ட பாவையும் திரும்பத் திரும்ப வரும்.

முதலில் ரூல்ஸ். தொல்காப்பியம் அகப்பாடலுக்கு மூணு அடுக்கு வைக்கிறது. முதற்பொருள் என்றால் நிலமும் பொழுதும். கருப்பொருள் என்றால் அந்த நிலத்தில் இருக்கும் எல்லாம்: தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, செய்யும் தொழில். உரிப்பொருள் என்றால் உணர்வு. மலைன்னா குறிஞ்சி, குறிஞ்சின்னா கூடல். கூதிரும் முன்பனியும், நள்ளிரவும் அதோட பொழுது. காடு காத்திருப்புக்கு, வயல் ஊடலுக்கு, கடற்கரை இரங்கலுக்கு, பாலை பிரிவுக்கு. இது ஒரு ஃப்ரேம்வொர்க். எழுதுறவர் ஒவ்வொரு முறையும் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டாம். மலைன்னு சொன்னதும் பாதி மூட் தானாக லோட் ஆகிடும்.

இன்னொரு ரூலும் உண்டு. காதலர்களுக்குப் பெயர் வைக்கக் கூடாது. அவன், அவள், அவ்வளவுதான். யார் கேட்டாலும் அந்த இடத்தில் தன்னையே உட்கார வைத்துக்கொள்ளலாம். இன்னைக்கு நாவல்ல ஹீரோயினுக்குப் பேர் உண்டு, ஆனா அந்த நாற்காலி இன்னும் காலியாத்தான் இருக்கு, வாசகர் வந்து உட்காரட்டும்னு.

இப்போ ஒரு பாட்டை நிதானமாகப் பார்ப்போம். குறுந்தொகை 100, கபிலர் எழுதியது. மொத்தம் ஏழே வரி. வரிகளை அப்படியே சொல்லப் போறதில்லை, உள்ளே என்ன நடக்குதுன்னு மட்டும் சொல்றேன். அருவி பரவி விழும் இடத்தில் மலைநெல் விதைக்கிறார்கள். அதற்குப் பெயர் ஐவனம். அதன் நடுவே முளைத்த மலைமல்லிகையையும் மரலையும் களையாகப் பிடுங்குகிறார்கள். காந்தள்தான் ஊருக்கு வேலி. அந்தச் சின்ன ஊருக்குப் பசி வந்தால், யானைக் கொம்பை விற்றுச் சாப்பிடுகிறார்கள். இப்படிப்பட்ட வல்வில் ஓரியின் கொல்லிமலையில் இருக்கும் பாவை மாதிரி இருக்கிறாள் அவள், அடைவதற்கு அரியவள்.

கணக்குப் போட்டுப் பாருங்க. ஏழு வரியில் அவளைப் பற்றி வருவது கடைசி இரண்டு வரி. முதல் நாலு வரி முழுக்க விவசாயம், களையெடுப்பு, வேலி, பசி, வியாபாரம். நம்ம காலத்து எடிட்டர் யாராவது இருந்திருந்தா, "சார், ஹீரோயின் என்ட்ரி லேட்டாகுது"ன்னு திருப்பி அனுப்பியிருப்பார்.

ஆனா அந்த நாலு வரி இல்லைன்னா கடைசி இரண்டு வரி சும்மா ஒரு வர்ணனைதான். மல்லிகையைக் களைன்னு பிடுங்கிப் போடுற ஊர். யானைத் தந்தத்தைச் சோத்துக்கு விக்கிற ஊர். நமக்கு விலைமதிப்பில்லாததெல்லாம் அங்கே சாதாரணம். அந்த ஊரில் ஒரே ஒரு விஷயம் மட்டும் யாருக்கும் கைக்கு எட்டாது. இப்படித்தான் நான் இந்தப் பாட்டை வாசிக்கிறேன். காதலைச் சொல்ல அவர் விலைவாசியைப் பயன்படுத்தியிருக்கிறார்.

இதோட சுவாரசியம் இன்னும் முடியலை. பாட்டின் அடியில் ஒரு குறிப்பு உண்டு, எந்தச் சூழ்நிலையில் யார் சொன்னது என்று. இதற்கு இரண்டு சூழ்நிலை தந்திருக்கிறார்கள். ஒன்று, தலைவன் தன் நண்பனிடம் சொல்வது. இன்னொன்று, அல்லகுறிப்பட்டுத் திரும்பும்போது தன் நெஞ்சுக்குச் சொல்லிக்கொள்வது. அல்லகுறின்னா, ராத்திரி அவன் வந்ததுக்கு அடையாளமா ஒரு சத்தம் செய்வான்னு பேச்சு. வேற ஏதோ தானா சத்தம் போட, அவன்தான்னு நினைச்சு அவள் வெளியே வந்து, ஆளைக் காணோம்னு உள்ளே போயிடுறாள். அப்புறம் அவன் நிஜமாகவே வரும்போது அவள் வருவதில்லை. மிஸ்டு கால் பிரச்சினை, இரண்டாயிரம் வருஷப் பழசு.

ரமணிசந்திரன் பாணி நாவல்களின் இன்ஜினும் இதுதான். தப்பாகப் புரிந்துகொண்ட ஒரு அடையாளம். பாதி கேட்ட ஒரு பேச்சு. கெட்டவன் யாரும் இல்லாமலேயே இரண்டு நல்லவங்க நடுவில் 200 பக்கம் இடைவெளி வந்துடும். "ஒரு தடவை உட்கார்ந்து பேசினா முடிஞ்சிருக்குமே"ன்னு கிண்டல் பண்றவங்க இருக்காங்க. பேச முடியாத வீடுகள் எத்தனைன்னு அந்த வாசகிகளுக்குத் தெரியும்.

அடுத்து, க்ளிஷே பற்றி. கொல்லிப் பாவையைப் பரணரும் எடுக்கிறார், நற்றிணை 201ல். காற்று மோதினாலும், மழை கொட்டினாலும், இடி விழுந்தாலும், நிலமே அதிர்ந்தாலும் அந்தப் பாவையின் உருவம் மாறாது. அதுபோல அவள் என் நெஞ்சை விட்டுப் போகமாட்டாள் என்கிறான் தலைவன். அதே பாவைதான். கபிலர் அதிலிருந்து எட்டாமையை எடுத்தார், பரணர் அழியாமையை எடுத்தார். ஒரே லைப்ரரி, வேற ஃபங்ஷன் கால். இன்னைக்கு நாவலில் மழையில் மாட்டிக்கொள்ளும் ஜோடி வந்தால் உடனே "அரைச்ச மாவு"ன்னு சொல்லிடறோம். மாவு அரைச்சதுதான், அதில் என்ன சுட்டாங்கன்னு பார்க்கணும்.

சரி, காசு. இதைப் பேசாமல் வேலையைப் பற்றிப் பேச முடியாது. கபிலருக்குச் செல்வக் கடுங்கோ வாழியாதன் என்ற சேர மன்னன் நூறாயிரம் காணம் பொன் கொடுத்து, நன்றா என்கிற குன்றின் மேல் நின்று கண்ணுக்குத் தெரிந்த நாட்டையெல்லாம் காட்டிக் கொடுத்தான் என்று பதிற்றுப்பத்தின் ஏழாம் பத்துப் பதிகம் சொல்கிறது. கவனிங்க, அது அரசனைப் புகழ்ந்த பாட்டுக்கு. காதல் பாட்டில் காதலர்களுக்குத்தான் பெயர் கூடாது, உவமையில் அரசன் பெயர் வரலாம். "ஓரியின் கொல்லி"ன்னு அங்கேதான் உள்ளே வருது. ஸ்பான்சர் பெயர் போடுற இடம்னு சொன்னா தமிழாசிரியர்கள் அடிக்க வருவாங்க, ஆனாலும் எனக்கு அப்படித்தான் தோணுது. பிறகு மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்துவிட்டான். அகநானூறு 209ல், கல்லாடனார் எழுதிய பாட்டில், அந்தச் செய்தியே இருக்கு. அதுவும் காதல் பாட்டுதான்.

அரசர்கள் போய் மாத நாவல் வந்தது. 1969ல் ராணி முத்து, அப்புறம் மாலைமதி மாதிரி நிறைய. பஸ் ஸ்டாண்ட் கடையில் கிளிப் மாட்டித் தொங்கும் புத்தகம். இங்கே ஃபார்மை முடிவு செய்தது அச்சகம். பக்கங்கள் 16, 16 ஆகத்தான் கூடும், விலை குறைவாக இருக்கணும், தேதி தவறக் கூடாது. கதை நீண்டால் வெட்டு. வேகமாக எழுதுவது ஒரு குறைன்னு இலக்கிய உலகம் ரொம்ப நாள் பார்த்தது. 2008ல் சென்னை பிளாஃப்ட் பதிப்பகம் தமிழ் வெகுஜனக் கதைகளை ஆங்கிலத்தில் தொகுத்தபோது துப்பறியும் கதைகளோடு ரமணிசந்திரனும் அதில் இருந்தார்.

இன்றைய நிலைமை வேற. கிண்டிலில் 2016 கடைசியில் தமிழ் வந்தது. சந்தாவில் படிக்கும் புத்தகத்துக்கு 2015 ஜூலையிலிருந்து, படிக்கப்பட்ட பக்கத்தைக் கணக்கிட்டுப் பணம். விற்ற பிரதிக்குக் காசு என்றால் நீளம் முக்கியமில்லை. படித்த பக்கத்துக்குக் காசு என்றால், அந்த மனக்கசப்பு இன்னும் எட்டு அத்தியாயம் நீடிக்கும். இதை எழுதுபவரின் பலவீனம் என்று சொல்ல எனக்கு மனசு வரலை, மெட்ரிக் எதுவோ அதுக்கு ஏத்த மாதிரிதான் எல்லாரும் வேலை செய்யுறோம்.

இணையத்தில் தொடராக எழுதுபவர்கள், பெரும்பாலும் பெண்கள், ராத்திரி வீட்டு வேலை முடித்துவிட்டு அத்தியாயம் போடுகிறார்கள். அதுக்குப் பேர் 'யூடி', அதாவது அப்டேட். ஒருநாள் யூடி வரலைன்னா கமெண்டில் விசாரிப்பு. ஹீரோ கொஞ்சம் ஓவராகப் போனால் திட்டு, "அவளை இவ்வளவு அழ வைக்காதீங்க சிஸ்"னு கெஞ்சல். எழுதி முடிக்கும் முன்பே விமர்சனம் வந்துடும், அதைப் படிச்சிட்டுத்தான் மறுநாள் எழுதணும். அதே புத்தகம் பிடிஎஃப் ஆகி மெசேஜிங் குரூப்களில் சுத்தும்போது படித்த பக்கம் பூஜ்யம். "உங்க ரசிகை சிஸ், பிடிஎஃப் கிடைக்குமா?"ன்னு எழுதினவங்ககிட்டயே கேட்கிறதும் நடக்குது. கேட்காதீங்க, ப்ளீஸ்.

எனக்கு இந்தக் கதைகள் மேல் ஒரு குறை உண்டு. மலையில் நடக்கும் நாவல்னா பனி, எஸ்டேட் பங்களா, ஜீப், ஸ்வெட்டர். கருப்பொருள் அடுக்கு காலி. ரமணிசந்திரனுக்கு வீடுதான் நிலம். மாமியார், சமையலறை, யார் முகம் சுளித்தார், யார் கவனித்தார் என்று அந்த நிலத்தின் கருப்பொருள் அவருக்கு அத்துப்படி. மலைக்குப் போகும் கதைகளில் அந்தக் கவனம் காணாமல் போயிடுது.

இன்றைய கொல்லியை எழுதணும்னா பொருள் நிறையவே இருக்கு. தினையும் சாமையும் விளைந்த சரிவுகளில் பெரும் பகுதி மரவள்ளிக்குப் போயாச்சு, ஏன்னா கீழே சேலம், நாமக்கல் பக்கம் சேகோ ஆலைகள் வாங்கிக்கொள்ளும். சிறுதானியத்தை மலையில் தக்கவைக்க எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே பல வருஷம் வேலை செய்திருக்கிறது. மிளகு, காபி, அன்னாசி, பலா. குறிஞ்சிக்காரி தினைப்புனத்தில் கிளி விரட்டும்போது அவனைச் சந்தித்தாள். இப்போ அவள் சாமையை இடித்துப் புடைக்கும் வேலை மிச்சமானதில் கொஞ்சம் நிம்மதியாக இருக்கலாம். மரவள்ளி விலை இறங்கின வருஷம் கல்யாணம் தள்ளிப்போகலாம். 70 வளைவு இறங்கி லோடு போகும் வண்டியில் அவன் டிரைவராக இருக்கலாம், வளைவில் சிக்னல் விட்டுப்போய் அவள் மெசேஜ் ராத்திரி ரெண்டு மணிக்கு வந்து சேரலாம். அல்லகுறி!

யாராவது எழுதுனா லிங்க் அனுப்புங்க, காசு கொடுத்தே படிக்கிறேன். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.