தறிச் சத்தம் தின்ற காதுக்கு எந்த ஹெட்போன்?

சோமனூர், பல்லடம், மங்கலம் பக்கம் பல ஊர்களில் தறிக்குடோனுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். வாலிபம் முழுக்கத் தறி ஓட்டிய அப்பாரு சாயங்காலம் டிவி போட்டால் நாலு வீட்டுக்குக் கேட்கும். பேரப்பிள்ளைகள் படிக்க முடியாது, மருமகள் போனில் பேச முடியாது. குறைத்து வைத்தால் அவர் எழுந்து போய்விடுவார். கேட்டால், "சத்தம் கேக்குதுங்க, என்ன பேசறாங்கன்னுதான் தெரிய மாட்டேங்குது" என்பார். ஹெட்போன் வாங்கப் போகிறவர்கள் முதலில் இந்தப் பேச்சை அப்படியே நம்ப வேண்டும். அவர் காதின் நிலையை இதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது.

கோவை, திருப்பூர் மாவட்டங்களில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட விசைத்தறிகள் இருக்கின்றன. நாடா இருபுறமும் அடிபட்டுத் திரும்பும் பழைய தறிகள் வரிசையாக ஓடும் கூடத்தில் ஒலி 90 டெசிபெலைத் தாண்டும். 100-ஐத் தொடுவதும் உண்டு. எட்டு மணி நேர ஷிப்டுக்கு நமது தொழிற்சாலை விதிகள் அனுமதிக்கும் அளவே 90தான். இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு, சட்டம் வகுத்த தொழில்சார் நோய்ப் பட்டியலிலும் இருக்கிறது. ஆனாலும் காதில் அடைப்பான் வைத்துக்கொண்டு தறி ஓட்டுபவரைப் பார்ப்பது அரிது.

இந்த இரைச்சல் காதை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தாக்குவதில்லை. நம் காதுக்குழாயின் நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். அந்த நீளத்துக் குழாய் 3000 ஹெர்ட்ஸ் அருகே உள்ள ஒலியைத் தானாகவே பெருக்கிவிடும். அதனால் முதல் அடி, 3000 முதல் 6000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை உணரும் மயிர்ச்செல்கள்மேல் விழுகிறது. செவித்திறனை அளக்கும் ஆடியோகிராம் எடுத்தால் 4000-க்கு நேரே பள்ளம் தெரியும். செத்த மயிர்ச்செல் மனிதக் காதில் மறுபடி முளைக்காது. வயது ஏற ஏற முதலில் குறைவதும் இதே உயர்ந்த சுருதிகள்தான் என்பதால், தறியும் முதுமையும் சேர்ந்து ஒரே இடத்தில் அடிக்கின்றன.

ஆ, ஊ, ஓ போன்ற உயிரொலிகளின் வலு பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிறது. அவை அப்பாருக்கு நன்றாகவே கேட்கும். க, ச, ட, த, ப ஆகியவற்றைப் பிரித்துக்காட்டும் மெல்லிய தெறிப்புகள் பெரும்பாலும் 2000-க்கு மேலே இருக்கின்றன. அவை போய்விட்டால் கத்தியும் கட்டியும் ஒன்றாகிவிடும், காசும் காதும் ஒன்றாகிவிடும். வால்யூமை ஏற்றினால் ஏற்கெனவே கேட்கும் ஒலிகள்தான் இன்னும் பெருத்து, மிச்சமிருக்கும் தெறிப்பையும் அமுக்கிவிடும். இப்படிப் பழுதான காதுக்கு மெல்லிய ஒலி எட்டாது, உரத்த ஒலியோ சட்டென்று தாங்க முடியாததாகிவிடும். "சத்தமாப் பேசு" என்றவரே அடுத்த நொடி "ஏன் கத்தறே" என்று கோபிப்பது இதனால்தான். அதை வீம்பு என்று வீட்டார் நினைப்பது பெரிய அநியாயம்.

இங்கேதான் ஹெட்போன் உதவுகிறது. தட்டை டிவிகளின் ஸ்பீக்கர் பெரும்பாலும் கீழ்நோக்கியோ பின்நோக்கியோ இருக்கும். அந்த ஒலி டைல்ஸ் தரையிலும் சுவரிலும் மோதிக் கலங்கிய பிறகே பத்தடி தள்ளி உட்கார்ந்திருப்பவரை அடைகிறது. ஹெட்போன் அந்தத் தூரத்தையும் எதிரொலியையும் நீக்கிவிடுவதால், வால்யூமைக் கூட்டாமலே பேச்சு தெளிகிறது. உயர்ந்த சுருதியை மட்டும் தனியாகக் கூட்டவும், இரு காதுகளுக்கும் அளவை வேறுபடுத்தவும் வசதியுள்ள மாடல் கிடைத்தால் அதையே வாங்குங்கள். பாஸ் அதிரும் என்று விளம்பரம் செய்பவை இந்தக் காதுக்கு உதவாது.

அடுத்தது தாமதம். மெய்யொலிகளை இழந்தவர், தாம் அறியாமலே உதடுகளைப் பார்த்து வார்த்தையை ஊகிக்கிறார். ஒலி 125 மில்லிசெகண்டுக்குமேல் பின்தங்கினால் பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும் என்கிறது சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம். சாதாரண ப்ளூடூத்தில் 150 முதல் 250 வரை தாமதம் சகஜம். பாட்டு கேட்க அது தடையில்லை, உதட்டைப் படிப்பவருக்கோ கைப்பிடியைப் பிடுங்கியது போல. டிவிக்கென்றே தனி டிரான்ஸ்மிட்டரோடு வரும் ரேடியோ அலை ஹெட்போன்களில் இந்தத் தாமதம் மிகக் குறைவு. அகச்சிவப்புக் கதிரில் இயங்குபவையும் உண்டு. ஆனால் நடுவில் ஆள் வந்தால் அவற்றில் ஒலி அறுந்துவிடும். 2022-இல் வந்த ஆராகாஸ்ட் முறையில் ஒரே டிவியின் ஒலியைப் பல ஹெட்போன்களும் காது மிஷின்களும் ஒருசேரப் பெறலாம். புது டிவி வாங்குவோர் அது இருக்கிறதா என்று கேட்கலாம்.

டிரான்ஸ்மிட்டரை டிவியின் ஹெட்போன் துளையில் செருகினால் பல டிவிகளில் ஸ்பீக்கர் ஊமையாகி, வீட்டில் மற்றவர்களுக்குக் கேட்காது. ஆப்டிகல் துளை இருந்தால் அதில் இணைத்து, டிவி அமைப்பில் ஒலியை பிசிஎம் என்று மாற்றுங்கள். அப்போது அவர் அளவு அவருக்கு, மற்றவர் அளவு மற்றவருக்கு.

பக்கத்துக் குடோனில் தறி ஓடும்போதே டிவி பார்க்கிற வீடுகளில் காதை முழுக்க மூடும் வகை நல்லது. இரைச்சல் நீக்கும் ஹெட்போன்கள் சீரான உறுமலை அடக்கும். நாடாவின் 'டக் டக்'கை அவ்வளவாக அடக்காது. வெளிச்சத்தத்தை வெல்ல வால்யூமைக் கூட்டுவது மட்டும் கூடாது. வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபெல் என்பதே உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பான எல்லை.

காது மிஷின் போட்டிருப்பவர் அதைக் கழற்றிவிட்டு ஹெட்போன் மாட்டினால், அவருக்கென்று அளந்து வைத்த திருத்தம் போய்விடும். மேலேயே மாட்டினால் சிலருக்குக் கீச்சிடும். அந்த மிஷினின் கம்பெனியே தரும் டிவி ஸ்ட்ரீமரை விசாரிப்பது நல்லது. மிஷினே இல்லாதவர் ஹெட்போனுக்கு முன் செவித்திறன் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. தகுதியுள்ளோருக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் காதுக்குப் பின்னால் அணியும் கருவியை இலவசமாகத் தருகிறது. ஒரு காது திடீரென்று அடைத்துக் கேட்காமல் போனால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். நாள் கடந்தால் மீட்பது கடினம்.

கடைக்கு அப்பாருவையே கூட்டிப் போங்கள். பாட்டுச் சேனலை வைக்காமல் செய்தியை வைக்கச் சொல்லுங்கள். வாசிப்பவர் ப, ம என்று உதட்டை மூடும்போது ஒலியும் கூடவே வருகிறதா என்று அவரைக் கேளுங்கள். மாட்டியபடியே அரை மணி நேரம் உட்காரட்டும். இறுக்கமும் கனமும் தாங்காவிட்டால், எவ்வளவு நல்ல ஹெட்போனும் மூன்றாம் நாள் அலமாரிக்குப் போய்விடும்.