உளநோயும் உயர்கல்வியும்

உடல்நோயாற் கல்வியை இடைநிறுத்திய மாணவர் கல்லூரிக்கு மீளும்போது ஆசிரியரும் தோழரும் மகிழ்ந்து வரவேற்பர். உளநோயுற்றவர் மீள விரும்பின், "முற்றாகக் குணமாகட்டும், பின்னர் பார்ப்போம்" என்பர். இக்கூற்றுப் பரிவுடையதுபோலத் தோன்றினும், ஆராயுமிடத்துக் கதவடைப்பேயாம். உளநோய்களுட் சில, நீரிழிவைப் போல, வாழ்நாள் முழுவதும் உடன்வருவன. முற்றாகக் குணமடைதலை நிபந்தனையாக்கின், அத்தகையோர் என்றுமே மீள்தல் இயலாது.

ஐக்கிய அமெரிக்காவில் நிகழ்ந்து 2005ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று, வாழ்நாளில் உளநோய்க்கு ஆளாவோருள் அரைப்பங்கினர்க்கு 14 வயதளவிலும், முக்காற்பங்கினர்க்கு 24 வயதளவிலும் நோய் தொடங்கிவிடுகின்றதெனக் காட்டிற்று. உயர்கல்விக்குரிய பருவமும் அதுவே. ஆதலின் இடையில் முறிந்த கல்வியை மீளத் தொடுப்பது எங்ஙனம் என்னும் வினா எழுகின்றது.

இதற்கு விளக்கமாக அமைவது எலின் சாக்ஸ் அம்மையாரின் வரலாறு. 1955இல் அமெரிக்காவிற் பிறந்த அவர், வண்டர்பில்ற் பல்கலைக்கழகத்திற் பட்டம்பெற்று, மெய்யியல் பயில ஒக்ஸ்போட் சென்றார். ஆங்கு நோய் முற்றி மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டார். எனினும், சிகிச்சை பெற்றுக்கொண்டே ஆய்வுப்பட்டத்தை நிறைவு செய்தார். பின்னர் யேல் சட்டக் கல்லூரியிற் சேர்ந்த முதலாண்டிலேயே நோய் மீண்டும் தாக்கியது. கட்டிலிற் பிணித்துவைக்கப்பட்டார், மாதங்கள் பல மருத்துவமனையிற் கழிந்தன. உளச்சிதைவு நோய் எனத் துணிந்த மருத்துவர், அவர் தனித்து வாழ்தலும் தொழில் புரிதலும் அரிதென்றே கருதினர்.

அவரோ கல்லூரிக்கு மீண்டு, 1986இல் சட்டப்பட்டம் பெற்றார். மாணவராயிருக்கையிலேயே, உளநோயாளரைப் பிணித்துவைத்தல் பற்றிச் சட்ட இதழிற் கட்டுரை வரைந்தார். அதன்பொருட்டு அவர் அணுகிய பேராசிரியர் ஒருவர், அந்நோயாளர் நம்மினின்றும் வேறானோர், நாம் உணருமாறு உணரார் என்றாராம். தாமும் அவ்வாறு பிணிக்கப்பட்டவரே என்று கூற அம்மையாருக்கு அன்று துணிவு வரவில்லை. பின்னர்த் தென் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்திற் சட்டப் பேராசிரியராகி, 2007இல் வெளியிட்ட நூலிலேயே அனைத்தையும் உலகறியக் கூறினார்.

அவரது நோய் நீங்கிவிடவில்லை. மருந்தைக் குறைக்க முயன்றபோதெல்லாம் அது பெருகிற்று. நல்ல சிகிச்சை, உற்றார் நண்பரின் அன்பு, ஆதரவுடைய பணியிடம் ஆகிய மூன்றுமே தம்மைத் தாங்கினவென்பது அவர் கூற்று.

கல்லூரி ஆற்றத்தக்க பங்கும் இதனாற் புலனாகும். அமெரிக்காவில் 1973ஆம், 1990ஆம் ஆண்டுச் சட்டங்கள், இயலாமையுடைய மாணவர்க்குத் தக்க வசதி செய்தலைக் கடமையாக்கின. தேர்வுக்கு மேலதிக நேரம், அமைதியான தனியறை, ஒரு தவணைக்குச் சில பாடங்களே பயிலும் அனுமதி, இடத்தை இழவாது விடுப்புப் பெறுதல் என்பன அத்தகையன. இவற்றாற் கல்வித்தரம் தாழ்வதில்லை. வினாத்தாளும் புள்ளியிடலும் யாவர்க்கும் ஒன்றே. 2006ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையும் நீண்டகால உளநலக் குறைபாடுடையோரை உள்ளடக்கி, உயர்கல்வியில் அவர்க்குரிய உரிமையை வலியுறுத்துகின்றது. இலங்கையும் அதனை 2016இல் ஏற்றுறுதி செய்துள்ளது.

எனவே, மீண்டுவரும் மாணவரிடம் கல்லூரி வினவவேண்டியது, பயில்வதற்கு எவ்வுதவி வேண்டும் என்பதேயாம். நோய் எத்துணை நீங்கிற்று என்பது மருத்துவர் ஆராய்தற்குரியது.