கல்லும் சுருங்கும்!

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் கார் தொழிற்சாலைகள் இருக்கின்றன. அங்கே ராட்சத பிரஸ் யந்திரங்கள் உண்டு. தட்டையான உருக்குத் தகட்டை வைத்து அமுக்கினால், காரின் கதவு உருவாகிறது!

தகட்டின் வடிவம் மாறிவிட்டது. உருக்கு சுருங்கிவிட்டதா? இல்லை. வளைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அப்படியானால், இரும்பையும் கல்லையும் சுருக்கவே முடியாதா?

முடியும்! விஞ்ஞானிகள் செய்து பார்த்திருக்கிறார்கள்.

ஒரே குடும்பம்

சேலம் அருகே கஞ்சமலையில் கறுப்பு நிற இரும்புத் தாது இருக்கிறது. காந்தத்தைக் கொண்டுபோனால் ஒட்டிக்கொள்ளும். அதற்கு 'மாக்னடைட்' என்று பெயர்.

இலங்கையின் ரத்தினபுரியில் 'ஸ்பைனல்' என்ற ரத்தினக் கல் கிடைக்கிறது. சிவப்பு ஸ்பைனலைப் பார்த்தால் மாணிக்கம் என்றே நினைப்போம். இங்கிலாந்து மன்னரின் கிரீடத்தில் 'கறுப்பு இளவரசரின் மாணிக்கம்' என்று ஒரு கல் இருக்கிறது. அது மாணிக்கமே அல்ல, ஸ்பைனல்தான்!

கறுப்புத் தாதுவும் சிவப்பு ரத்தினமும் ஒரே குடும்பம். இரண்டிலும் அணுக்கள் ஒரே மாதிரி அடுக்கப்பட்டிருக்கின்றன.

வைரங்களின் நடுவே

இந்தக் கற்களை அமுக்குவது எப்படி?

ஆணியின் முனை கூர்மையாக இருந்தால், லேசாக அடித்தாலும் சுவரில் இறங்குகிறது. முனை சிறிதானால் அமுக்கம் பெருகும். இந்தத் தத்துவத்தை வைத்து 1950களின் இறுதியில் அமெரிக்காவில் ஒரு கருவி செய்தார்கள்.

அதில் இரண்டு வைரங்கள் எதிரெதிரே இருக்கும். நடுவில் ஒரு சிறு துளை. அதற்குள் பொடி மணல் அளவு கல்லை வைத்து, சாராய வகைத் திரவத்தை நிரப்புவார்கள். பிறகு திருகாணியை முடுக்குவார்கள்.

கல் நொறுங்காதா? நொறுங்காது. திரவம் எல்லாப் பக்கமும் ஒரே அளவாக அழுத்துகிறது. வைரத்தின் வழியே எக்ஸ்ரே கதிரைச் செலுத்தி, அணுக்களின் இடைவெளியை அளந்துவிடுகிறார்கள்.

எவ்வளவு சுருங்கும்?

நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப் போல் 1 லட்சம் மடங்கு அழுத்தம் கொடுத்தால், ஸ்பைனலின் கன அளவு நூற்றுக்குச் சுமார் 5 பங்கு குறைகிறது. சுண்டுவிரல் நகத்தளவு இடத்தில் 100 டன் பாரம் ஏற்றுவதற்குச் சமம் இது!

அழுத்தத்தை எடுத்துவிட்டால், கல் பழைய அளவுக்கே திரும்பிவிடும். கார் கதவு அப்படித் திரும்புமா?

ஃபிங்கர், ஹேசன், ஹாஃப்மைஸ்டர் என்ற மூவர், ஸ்பைனலையும் மாக்னடைட்டையும் இப்படி அளந்து 1986ல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுதான் சுருங்கின.

காரணம் என்ன? பழக்கடையில் எலுமிச்சம்பழங்களைக் குவித்திருப்பது போல, இந்தக் கற்களில் பிராணவாயு அணுக்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. உலோக அணுக்கள் சந்துகளில் இருக்கின்றன. உலோகம் மாறினாலும் அடுக்கு மாறுவதில்லை.

பூமிக்குள் என்ன இருக்கிறது?

இதனால் நமக்கு என்ன பயன் என்று கேட்கலாம்.

பூமியின் மையம் 6,371 கிலோ மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. மனிதன் தோண்டிய மிக ஆழமான துளைகளில் ஒன்று, ரஷ்யாவின் கோலாவில் உள்ளது. அதன் ஆழம் 12 கிலோ மீட்டர்தான்!

ஆனால் பூகம்ப அலைகள் பூமியை ஊடுருவிச் செல்கின்றன. கல்லின் உறுதிக்கும் அடர்த்திக்கும் தக்கபடி அலையின் வேகம் மாறும். சோதனைச் சாலையில் கிடைத்த கணக்கை அந்த வேகத்தோடு ஒப்பிட்டால், அடியில் இருப்பது எந்தக் கல் என்று சொல்லிவிடலாம்.

சுமார் 520 முதல் 660 கிலோ மீட்டர் ஆழத்தில், ஸ்பைனலைப் போலவே அணுக்கள் அடுக்கப்பட்ட 'ரிங்வூடைட்' என்ற கல் இருக்கிறது. பிரேசில் நாட்டு வைரம் ஒன்றுக்குள் அதன் துணுக்கு அகப்பட்டதை 2014ல் விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். அதில் நீரின் கூறு கலந்திருந்தது!

660 கிலோ மீட்டருக்குக் கீழே இந்த அடுக்கும் தாங்காது. உடைந்து, 'பிரிட்ஜ்மனைட்' என்ற இன்னும் அடர்த்தியான கல் உண்டாகிறது. 2012ல் நாகபுரி அருகே காட்டோலில் விழுந்த விண்கல்லில், கரக்பூர் ஐ.ஐ.டி. விஞ்ஞானிகள் உள்ளிட்ட குழுவினர் பிரிட்ஜ்மனைட்டைக் கண்டார்கள்.

நம் காலுக்கு அடியில், யாரும் போக முடியாத ஆழத்தில் நீர் கல்லோடு கலந்திருக்கிறது. அதை அறியும் வழியை, மணல் அளவுக் கல் காட்டியிருக்கிறது!