ஆவென்று திறந்த வாய் மூடவில்லை!

கிளியனூர் பஸ் நிறுத்தத்தில் ஒருவர் திண்டிவனம் பஸ்சுக்காகக் காத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிதாக ஒரு கொட்டாவி விடுகிறார். "டக்" என்று ஒரு சத்தம். திறந்த வாய் திறந்தபடியே நின்றுவிடுகிறது! பேச முடியவில்லை. எச்சில் ஒழுகுகிறது. "காற்று, கருப்பு அடித்துவிட்டது" என்று பக்கத்தில் இருப்பவர்கள் பயப்படுகிறார்கள்.

பேயும் இல்லை, பிசாசும் இல்லை. தாடை மூட்டு விலகிவிட்டது.

கதவும் இழுப்பறையும்

காதுக்கு முன்னால் விரலை வைத்து, வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். உள்ளே ஒன்று அசைகிறதல்லவா? அதுதான் தாடை மூட்டு. வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. இரண்டும் சேர்ந்தே வேலை செய்ய வேண்டும்.

கீழ்த்தாடையின் உருண்டை முனை, மண்டை ஓட்டில் உள்ள ஒரு குழியில் பொருந்தி இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே மெத்தை போல ஒரு தட்டு உண்டு. வாயைக் கொஞ்சம் திறந்தால் முனை கதவுக் கீல் போலச் சுழலும். நன்றாகத் திறந்தால் மேசை இழுப்பறை போல முன்னால் நகரும்.

நான்கு ஜோடித் தசைகள்

பல்லைக் கடித்தால் கன்னத்தில் புடைப்பது ஒரு தசை. நெற்றிப் பொட்டில் துடிப்பது இன்னொன்று. தாடையின் உள்பக்கம் மூன்றாவது. இந்த மூன்றும் வாயை மூடுகின்றன. நான்காவது தசை தாடையை முன்னால் இழுத்து வாயைத் திறக்கிறது. மோவாய்க்கு அடியில் உள்ள தசைகள் அதற்குத் துணை.

பாக்குவெட்டியில் பாக்கை நுனியிலா வைக்கிறோம்? கீலுக்கு அருகே வைத்தால்தானே வெட்டுப்படும்! முறுக்கைக் கடைவாய்க்குத் தள்ளுவதும் அதற்காகவே. மூட்டுக்கு அருகே பலம் அதிகம்.

தாடை எல்லை மீறாமல் கட்டிக் காப்பவை மூன்று நார்கள். அவற்றையும் மீறி, முனை குழியின் முன்மேட்டைத் தாண்டிவிட்டால் திரும்ப வராது. வாயை மூடும் தசைகள் இறுகி, அதை அங்கேயே பூட்டிவிடும்.

அடிக்காதீர்கள்!

அப்போது தாடையில் தட்டுவதும், மோவாயை மேலே தள்ளுவதும் தவறு. பூட்டு இன்னும் இறுகும். டாக்டர் கட்டை விரல்களில் துணி சுற்றி, கீழ்க் கடைவாய்ப் பற்கள் மேல் வைத்து, முதலில் கீழே அழுத்துவார். பிறகு பின்னால் தள்ளுவார். சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க நாட்டில் இருந்த ஹிப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் முறை இது.

கிளியனூர் வழியாகப் போகும் புதுச்சேரி சாலையிலேயே, கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனை இருக்கிறது. தாமதிக்காமல் அங்கோ, அருகில் உள்ள அரசு மருத்துவமனைக்கோ போவதே நல்லது.

மூன்று விரல் சோதனை

மூட முடியாத வாய் ஒரு தொல்லை. திறக்க முடியாத வாய் அதைவிடப் பெரிய தொல்லை. பாக்கை ஓயாமல் மெல்பவர்களுக்கு வாயின் உட்தோல் தடித்து, கயிறு போல இறுகிவிடும். பிறகு மூட்டும் தசையும் நன்றாக இருந்தும் பயன் இல்லை; சோற்று உருண்டைகூட நுழையாது. 1952-ல் கென்யாவில் இருந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் இந்த நோயை ஷ்வார்ட்ஸ் என்ற டாக்டர் கண்டு எழுதினார். இது புற்றுநோயாகவும் மாறக்கூடும்.

உங்கள் நடுவிரல்கள் மூன்றையும் சேர்த்து, நெட்டுக்குத்தாக முன்பற்களுக்கு இடையே வைத்துப் பாருங்கள். நுழைந்தால் சரி. நுழையாவிட்டால் பாக்கை விடுங்கள். பல் டாக்டரைப் பாருங்கள்.

கொட்டாவி வந்தால் வாய்க்கு நேரே விரலைச் சொடுக்குவது நம் ஊர் வழக்கம். அடிக்கடி தாடை விலகுபவர்கள் அந்தக் கையை மோவாய்க்கு அடியில் கொடுக்கட்டும். வாய் அளவோடு திறக்கும், தானாக மூடும்!