கைவேலையும் கண்வேலையும்

எங்கள் குஜிலியம்பாறைப் பகுதி மழை குறைந்த மேட்டு நிலம். நிலக்கடலையும் சோளமும் முருங்கையும் விளையும் பூமி. அடர்ந்த காடு என்று ஊருக்குள் ஏதும் இல்லை. ஆயினும் காட்டு உயிர்கள் பல எங்கள் வீட்டு வாசல்வரை வந்து போகின்றன. மாலை வேளையில் திண்ணையில் அமர்ந்து ஒயர் கூடை பின்னும்போதுதான் அவற்றை நாங்கள் நன்றாகக் காண்கிறோம்.

கூடை பின்னுவதற்கும் விலங்கு பார்ப்பதற்கும் என்ன தொடர்பு என்று தோழியர் கேட்கலாம். விலங்குகள் முதலில் கவனிப்பது நம் அசைவைத்தான். எழுந்து நடந்தால் ஓடிவிடும். ஒரே இடத்தில் அமர்ந்து கைகளை மட்டும் ஒரே விதமாக அசைத்துக்கொண்டிருந்தால், சில நாட்களில் பழகிக்கொள்ளும். கூடையின் அடிப்பாகம் போடும்போது முடிச்சுகளை எண்ணவேண்டும். பக்கங்கள் எழும்பிய பிறகோ விரல்களே வேலையைப் பார்த்துக்கொள்ளும், கண்களுக்கு விடுமுறை!

முதலில் வருவது அணில். தையலில் மிஞ்சிய பருத்தி நூலைக் கூடு கட்ட வாயில் கவ்விச் செல்லும். ஒயர்த் துண்டுகளை மட்டும் நாங்கள் உடனுக்குடன் பொறுக்கிவிடுவோம். அடுத்து கீரி. பாம்போடு சண்டையிட்டபின் கீரி ஏதோ மூலிகையைத் தின்னும் என்பார் அப்பத்தா. உண்மையில் நாகத்தின் நஞ்சு எளிதில் பற்றாதபடி கீரியின் தசைகளில் இயற்கையாகவே ஒரு மாற்றம் அமைந்துள்ளது. மயிலைப் பற்றிச் சொன்னால் பெற்றோருக்குக் கோபம் வரும். 1963ஆம் ஆண்டு முதல் அது தேசியப் பறவைதான். ஆனால் கடலைக் காட்டில் இறங்கினால் தேசியப் பறவை என்று யார் பார்ப்பார்கள்?

இருட்டியபின் வருவது தேவாங்கு. இதைப் பற்றித்தான் விரிவாக எழுத விரும்புகிறோம். இரண்டு கைகளில் அடங்கிவிடும் சிறு உடல், குச்சி போன்ற கைகால்கள், முகத்தை நிறைக்கும் வட்டக் கண்கள். வால் இல்லை. குரங்கினத்தின் தூரத்து உறவு. பூச்சிகளே இதன் முக்கிய உணவு. ஆதலால் உழவருக்கு இது நண்பன். கிளையை இடுக்கி போல் பற்றி, ஒரு கையை நன்கு ஊன்றிய பிறகே மறு கையை எடுக்கும். இரை தேடப் போகும் தாய், குட்டியைக் கிளையில் விட்டுச் செல்வதும் உண்டு.

டார்ச் ஒளி பட்டால் அதன் கண்கள் தணல் போல் மின்னும். வெள்ளை ஒளி அதற்குத் தொல்லை. ஆராய்ச்சியாளர்கள் சிவப்பு விளக்கையே பயன்படுத்துகிறார்கள். நாங்களும் கைவேலைக்கு வாங்கிய சிவப்புக் கண்ணாடிக் காகிதத்தை டார்ச்சின் முகத்தில் கட்டிக்கொண்டோம்.

தேவாங்கைக் கண்டால் ஆகாது என்று அடித்தவர்களும், மாந்திரீகத்துக்கென்று பிடித்து விற்றவர்களும் உண்டு. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி இவை குற்றம். 2022 அக்டோபரில் நமக்கு அருகிலுள்ள கடவூர் மலைப்பகுதியைச் சேர்த்து, திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காட்டைத் தேவாங்கு சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது. இந்தியாவிலேயே தேவாங்குக்கென அமைந்த முதல் சரணாலயம் இதுவே.

ஆனால் தேவாங்குக்குச் சரணாலயத்தின் எல்லைக்கல் தெரியுமா? அதற்குத் தெரிந்த பாதை கிளையோடு கிளை தொடும் வேலிதான். தாவத் தெரியாத பிராணி அது. வேலியில் இடைவெளி விழுந்தால் தரையில் இறங்கி நடக்கவேண்டும். தரையில் நாய் இருக்கிறது. சாலையில் லாரி இருக்கிறது. முன்பு தோட்டங்களைச் சுற்றிலும் கிளுவையும் கள்ளியும் வேலியாக நின்றன. இப்போது கல்தூணும் முள்கம்பியும் வந்துகொண்டிருக்கின்றன.

எங்கள் தோட்டத்திலும் கம்பி வேலி போட அப்பா எண்ணியிருக்கிறார். ஆடு நுழையாது, ஆண்டுதோறும் வேலியைக் கழிக்கும் கூலி மிச்சம் என்பது அவர் கணக்கு. கணக்கு சரிதான். வேப்பமரத்தை ஒட்டிய கிளுவை வரிசையையாவது விட்டுவிட்டு, கம்பியை அதன் உட்புறமாகக் கட்டலாமே என்று நாங்கள் கேட்டிருக்கிறோம். "பார்க்கலாம்" என்றிருக்கிறார். கம்பிச்சுருள் இன்னும் வாங்கவில்லை.